பாட்டின் நடுவே பொன்னாடை

மென்பொருளை நம்பி மேடையேறாதீர்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்று மத்தியானம் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு ஐம்பதாவது பிறந்தநாள் விழா. எங்கள் இசைக்குழுவின் டிரம்ஸ்காரருக்கும் கிட்டார்காரருக்கும் வேலையில் ஷிப்ட். ஏலாது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, பாட்டின் கோர்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, வரிசையாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் முழு இசைக்குழுவாக வாசிக்கும் மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் போட்டு, நான் வாசிக்கும் கீபோர்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

பல்லவி நன்றாகத்தான் போனது. அதற்குள் பிறந்தநாள்காரரின் மாமனார் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். பாட்டு முடியும்வரை நம் ஆட்கள் எப்போது காத்திருந்தார்கள்?

பாடகர் ரவி அண்ணை பாட்டை நிறுத்திக் கும்பிட்டார். போட்டோவுக்கும் நின்றார். மனிதர்கள் வாசித்திருந்தால் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றிருப்போம். மென்பொருளோ சரணத்துக்குப் போய்விட்டது.

அண்ணை விட்ட இடத்திலிருந்து பல்லவியைப் பிடித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மைக்கிலேயே கேட்டார்:

"தம்பி, ஐயா ஏறினதை நீர் காணேல்லையோ?"

"நான் கண்டனான் அண்ணை. இது காணேல்லை."

"எது?"

பதில் சொல்வதற்குள் மாமனார் இரண்டாவது பொன்னாடையோடு என்னிடம் வந்துவிட்டார். என்ன செய்வது? கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

இசை கொஞ்சமும் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. மண்டபம் முழுவதும் என் கைகளைப் பார்த்தது.

நியாயமாக அந்தப் பொன்னாடை மடிக்கணினிக்குத்தான் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கில் கல்யாணம். டிரம்ஸ் தெரிந்த, ஷிப்ட் இல்லாத மனிதர் யாராவது இருக்கிறீர்களா?