படத்தில் நாலு பேர்

வேப்பிலை பாயில் ஒரு நாள் கிடந்து உடம்புச் சூட்டில் வதங்கிவிட்டால், அதன் பச்சைக் கசப்பு போய், ஊறிய தேயிலையைப் போல வேறொரு மணம் வரும். ஒன்பது வயதில், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு உள்ளறையில், அந்த மணத்துக்குள் ஒரு கிழமை கிடந்தேன். உடம்பெல்லாம் கொப்புளம். அதை எங்கள் பக்கத்தில் யாரும் வருத்தம், நோய் என்று சொல்லமாட்டார்கள், "அம்மாள் வந்திருக்கிறா" என்பார்கள். வந்தவவுக்குரிய மரியாதையாக வீட்டில் தாளிப்பதும் பொரிப்பதும் நின்றுவிடும், அயலவர் வாசல் படலையோடு திரும்பிவிடுவார்கள், கொப்புளம் காய்ந்து தலைக்குத் "தண்ணி வார்க்கிற" நாள் வரும்வரை பிள்ளையை ஒருவர் கண்ணிலும் காட்டமாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில்தான் ஆமிக்காரர் குடும்பப் படம் எடுக்க வந்தார்கள். அந்தச் சண்டைக் காலத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் உள்ள எல்லோரையும் நிரையாக நிறுத்தி, வீட்டு இலக்கம் எழுதிய மட்டையைத் தகப்பன் கையில் கொடுத்து ஒரு படம் எடுப்பார்கள். அதில் ஒரு பிரதி வீட்டில் இருக்கவேண்டும். பிறகு சோதனைக்கு வரும்போது படத்தில் உள்ள தலைகளையும் வீட்டில் உள்ள தலைகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். கூடினாலும் கரைச்சல், குறைந்தாலும் கரைச்சல்.

எத்தனை பேர் என்று கேட்டதும் அம்மா முந்திக்கொண்டு "நாலு பேர்தான் ஐயா" என்றார். ஐந்து என்று சொன்னால் சப்பாத்தோடு உள்ளறைக்குள் வருவார்கள், அம்மாள் இருக்கிற உடம்பில் வெளிச்சம் அடித்துப் படம் எடுப்பார்கள், அந்தக் குற்றம் பிள்ளையைத்தான் சேரும் என்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். நான் பாயில் எழும்பியிருந்து யன்னல் நீக்கலால் பார்த்தேன். அப்பா, அம்மா, அண்ணை, தங்கச்சி நாலு பேரின் முதுகும் தெரிந்தது. அவர்களுக்கு நடுவால் கமரா நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முதன்முதலாகக் கமரா ஒன்றைக் கண்டது அப்படித்தான். ஒருமுறை மின்னியது, அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அம்மாள் இறங்கிப்போனா, தண்ணியும் வார்த்தாயிற்று. படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா திருத்தச் சொல்லி அழுதார். அப்பா மறுத்துவிட்டார். "இப்ப போய் இன்னொரு பிள்ளை இருக்கெண்டால், அப்ப ஏன் ஒளிச்சனியள் எண்டு கேப்பினம். அதுக்கு என்ன சொல்லுறது?" என்றார். அம்மாளை யார் போய் அவர்களுக்கு விளங்கப்படுத்துவது?

ஆகவே நான் அளவெட்டி ஊரில் இருந்த சின்னம்மாவின் பிள்ளை ஆனேன். ஆமியின் சுற்றிவளைப்பு என்று காதில் விழுந்ததும் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லித்தருவார். முற்றத்தில் எல்லோரும் நிற்கும்போது, "தங்கச்சியின்ரை பிள்ளை ஐயா, பள்ளிக்கூட விடுதலைக்கு வந்து நிக்குது" என்று அவர் சொல்வார். என்னைக் கேட்டால் "ஓம், இது பெரியம்மா வீடு" என்று நான் சொல்லவேண்டும். ஒருமுறை, தமிழ் கொஞ்சம் தெரிந்த ஆமிக்காரர் ஒருவர், "எந்த நாளும் விடுதலையோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டியதும் அம்மா என்னைத் திரும்பக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய், "பெரியம்மா எண்டு சொல்லு" என்று பல தரம் சொல்லவைத்தார்.

எனக்கு அந்தப் பயம் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். அண்ணையும் தங்கச்சியும் பிள்ளைகள், நான் வந்து நிற்கிற பிள்ளை. அன்று முழுக்க வேண்டுமென்றே "பெரியம்மா, சோறு போடுங்கோ", "பெரியம்மா, சீப்பாலை தலை இழுத்து விடுங்கோ" என்று கூப்பிட்டேன். அம்மா சோறு போட்டார், தலை இழுத்துவிட்டார். பின்னேரம் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்று அழுததைக் கண்டேன். கண்டும் நிற்பாட்டவில்லை. அப்படியொரு பிடிவாதம் எனக்கு.

புதுப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. ஒரு காலத்தில் சோதனையே நின்றுபோனது. நானும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப மகளானேன்.

பிறகு படமெடுப்பதே என் தொழிலாயிற்று. ஹனோயிலும் கல்கத்தாவிலும் தெருத்தெருவாக அலைந்திருக்கிறேன். அங்கெல்லாம் கமராவைக் கண்டால் சிரிப்பார்கள், அல்லது போ என்று கையை வீசுவார்கள். சாவகச்சேரிச் சந்தையில் வயதானவர்கள் அப்படியில்லை. கமராவைக் கண்டதும் வெண்டிக்காயைக் கீழே வைத்து, கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, நாடியை நிமிர்த்தி, ஆமிப் படத்துக்கு நின்றதுபோல நிற்பார்கள். "கொஞ்சம் சிரியுங்கோ அம்மா" என்று ஒருவரிடம் கேட்டேன். "சிரிச்சால் முகம் மாறிப்போடும், பிள்ளை" என்றார். அந்தப் படத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. கலியாண வீடுகளிலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரையும் நிறுத்தியபின், "உள்ளை இன்னும் ஆரும் இருக்கினமோ?" என்று இரண்டு தரம் கேட்பேன். பெடியள் "கமராக்கார அக்கா ரீச்சர் மாதிரி இடாப்புக் கூப்பிடுறா" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

அப்பா இப்போது இல்லை. அண்ணை கனடாவில், தங்கச்சி நோர்வேயில். அம்மாவோடு நான்தான் இருக்கிறேன். அவருக்கு இரண்டு வருடமாக நினைவு உதிர்ந்துகொண்டு வருகிறது. அந்தப் பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மடியிலேயே வைத்திருக்கிறார். விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு, "இது இவர், இது நான், இது பெடியன், இது சின்னவள்" என்று எண்ணுவார். நாலு சரி. பிறகு என்னைப் பார்த்து, "ஆர் பிள்ளை நீ? தங்கச்சியின்ரை மகளோ?" என்று கேட்பார். "இல்லை அம்மா, நான் உங்கடை மகள்" என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். முகம் வெளிறிப் படலையைத்தான் பார்த்தார். "உப்பிடிச் சொல்லாதை" என்றார்.

தொழில் தெரிந்தவள் என்ற திமிரில் ஒரு வேலையும் செய்தேன். என் பள்ளிக்கூடப் படம் ஒன்றிலிருந்து முகத்தை எடுத்து, கணினியில் அண்ணைக்கும் தங்கச்சிக்கும் நடுவில் பொருத்தி, அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா அந்த முகத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "உந்தப் படத்தைக் கொண்டுபோய் ஒளி, பிடிபட்டிடுவம்" என்றார். இருபது வருடத் தொழில் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இப்போது நான் "ஓம் பெரியம்மா" என்றுதான் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குத்தான் சாப்பிடுகிறார், அந்தச் சொல்லுக்குத்தான் குளிக்க வருகிறார்.

போன கிழமை, காலை வெளிச்சம் அவர் முகத்தில் நன்றாக விழுந்திருந்தபோது கமராவைத் தூக்கினேன். உடனே கையிரண்டையும் ஒட்டி நிமிர்ந்து, "நாலு பேர்தான் ஐயா" என்றார். என்னால் எடுக்க முடியவில்லை, கமராவை இறக்கிவிட்டேன். அம்மா என்னைக் கிட்ட வரச்சொன்னார். படத்தில் நாலு பேருக்கும் பின்னால் இருக்கிற யன்னலில் விரலை வைத்து, "உனக்கு மட்டும் சொல்லுறன். உதுக்குள்ளை என்ரை மற்றப் பிள்ளை கிடக்குது. வேப்பிலை மாத்தவேணும், கொஞ்சம் முறிச்சுக்கொண்டு வாறியே?" என்று இரகசியமாகக் கேட்டார்.

அந்த யன்னலைக் கல்லால் அடைத்துக் கனகாலம். முற்றத்து வேம்பும் மதில் கட்டும்போது போய்விட்டது. பக்கத்து வளவில் கேட்டு இரண்டு கொப்பு முறித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளறைப் பக்கம் திரும்பிய என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ உள்ளை போகாதை, பிள்ளை. வெளியாக்கள் அவளைப் பாக்கக் கூடாது" என்றார்.