இரண்டு நாளைக்கு ஒரு பை

எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்குத் துணி எடுத்துப்போக ஒரு பை கிடையாது. பரண் முழுக்கப் பெட்டிகள்தான். சக்கரம் வைத்தது, சக்கரம் உடைந்தது, விமான நிலையத்து ஸ்டிக்கர் கிழிக்காமல் கிடப்பது, கயிறு கட்டிய தடம் பதிந்தது. இருபத்திரண்டு வருஷமாக என் கணவர் சவூதிக்குப் போய்வந்த பெட்டிகள். கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டு விடுதியில் இரண்டு நாள் தங்குவதென்று முடிவான பிறகுதான் இந்தக் குறை எனக்கே தெரிந்தது. கடைத்தெருவுக்குப் போய் தோளில் மாட்டிக்கொள்ளும்படியாக நீல நிறத்தில் ஒரு பை வாங்கினேன். "எத்தினி நாளு டூரும்மா?" என்றார் கடைக்காரர். "ரெண்டே நாளு. நானும் எங்க வீட்டுக்காரரும்," என்றேன். அவர் கேட்டது முதல் பாதிதான். மறுபாதி நானாகச் சொன்னது.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வகை. லீவில் வருகிறவர்கள், முடித்துக்கொண்டு வருகிறவர்கள். பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுவார்கள், "லீவா, முடிச்சிட்டா?" என்று. லீவு என்றால் அறுபது நாள். அதில் பாதி கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போய்விடும். மீதி, அக்கா வீட்டு விருந்து, சின்னம்மா வீட்டு விருந்து. பெண்டாட்டிக்கு மிஞ்சுவது அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் பார்க்கும் பாக்கியம். நான் கணக்கு டீச்சர். எல்லா லீவையும் கூட்டிப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது இரண்டு வருஷம்கூடத் தேறாது.

போன வருஷம் ஒருநாள் அவரே போனில் சொன்னார். "போதும். முடிச்சிட்டு வந்துடறேன்." நவம்பரில் வந்து இறங்கினார். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றதும் எதிர் வீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "முடிச்சிட்டாங்க. இனிமே போவல." அவர் பெட்டியை இழுத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று மற்றவர்களுக்குப் புரியாது. கேஸ் ஆபீஸ், ரேஷன் கடை, பேங்க், மகளின் பள்ளிக்கூடம், எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "வீட்டுக்காரர் எங்கம்மா?" "வெளிநாட்டுல இருக்காருங்க." "எப்ப வருவாரு?" "ரெண்டு வருஷம் ஆவும்ங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்வேன். நவம்பருக்குப் பிறகு வேறு பதில் கிடைத்தது. தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூட, "சார் வீட்ல இருக்காரு, அவரு எறக்கிப்பாரு," என்று தேவையில்லாமல் சொன்னேன்.

பண்ணை வீடு மகள் கொடுத்த யோசனை. அவள் அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி விவசாயம் படிக்கிறாள். வகுப்பில் எல்லாரையும் அந்தப் பண்ணைக்கு ஒருநாள் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கிருந்தே படம் அனுப்பினாள். நாட்டு ஓடு போட்ட வீடு, பம்புசெட்டுத் தொட்டி, வேப்பமரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டில். "ஏசி கெடயாது, டிவி கெடயாது, டவர் கூட ஒழுங்கா எடுக்காதும்மா. நீங்களும் அத்தாவும் போய்ட்டு வாங்க," என்று குரல் செய்தியும் போட்டிருந்தாள். டவர் எடுக்காது என்றதுதான் எனக்குப் பிடித்தது. அழைப்பு மணி அடிக்காத, யாரும் விருந்துக்குக் கூப்பிடாத இடத்தில் அவரை இரண்டு நாள் உட்காரவைத்து, இனிமேல் எப்படி இருக்கப்போகிறோம் என்று பேசவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் பேசவேண்டியதை நாற்பத்தாறு வயதில் பேச ஆசைப்பட்டேன்.

பண்ணைக்காரரோடு நான்கைந்து தடவை போனில் பேசியிருப்பேன். நல்ல மனுஷர். படத்தில் பச்சைப்பசேல் என்று வயல் இருக்கிறதே என்றதற்கு, "அது அப்ப எடுத்ததுங்க. இப்ப அறுப்பு முடிஞ்சிடுச்சு. உளுந்துதான் நிக்கிது. பரவால்லிங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி அடித்துவிடவா என்றார். அங்கேதான் கொஞ்சம் தயங்கினேன். எங்கள் ஆள் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் நாங்கள் சாப்பிடுவோம்.

"கோழிய உயிரோட வைங்க. எங்க வீட்டுக்காரரு வந்து அறுத்துக் குடுத்துடுவாரு."

"சரிங்க மேடம். எத்தினி பேருன்னு எழுதிக்கட்டும்?"

"ரெண்டு பேரு."

போனை வைத்த பிறகும் அதையே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

நாத்தனாருக்கு அடுத்த தெரு. விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டார். "ஏன்டி, காசு குடுத்து கயித்துக் கட்டுல்ல படுக்கவா போறீங்க? எங்க மாடியில ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு, எடுத்துட்டுப் போ. கொசு வேணும்னாலும் தர்றேன்." நானும் சிரித்தேன். அவர் போகும்போது என் கையைப் பிடித்து, "போய்ட்டு வா, போய்ட்டு வா. பாவம்," என்றார். எதற்குப் பாவம் என்று நான் யோசிக்கவில்லை.

யோசிக்கவேண்டியது இன்னொன்றும் இருந்தது. ஏப்ரலில் முழுப் பரீட்சை முடித்துவிட்டுப் போகலாம் என்பதுதான் என் எண்ணம். மகள் விடவில்லை. "ஏப்ரல்ல வெயில் தாங்காதும்மா. நோன்புக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடுங்க." அவரும் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ஆமா, நோன்புக்கு முன்னாடியே வை," என்றார். அவர் வீட்டில் இருந்து நோன்பு பிடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. நோன்புக் கஞ்சிக்கு நொய் கூட வாங்கிவைத்துவிட்டேன். நோன்புக்கு முன்னாடி என்று இரண்டு பேரும் சொன்னபோது எனக்கு நோன்பின் நினைவுதான் வந்தது. விடுபட்ட எண்ணைக் கண்டுபிடி என்று பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் சொல்லித்தருகிறேன், எனக்கு மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நீலப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில், "டீச்சர்!" என்று குரல். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அம்மா. அவருடைய சின்ன மகனும் சவூதியில்தான் இருக்கிறான். கையில் மஞ்சள் துணிப்பை. உள்ளே மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, முட்டி வலித் தைலம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. ஒருவர் திரும்பிப் போகிறார் என்று தெரிந்தால், அங்கே பிள்ளை வைத்திருக்கிற வீடுகளிலிருந்து பார்சல் வர ஆரம்பிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதை வாங்கிப் பார்க்கிற அதிகாரி நான்தான். கசிகிறதைத் திருப்பி அனுப்புவேன். எடை ஜாஸ்தி என்றால் பாதியை எடுத்துவிடச் சொல்வேன். என் வாய்க்குப் பயந்தே பலர் நன்றாகக் கட்டிக் கொண்டுவருவார்கள்.

"மூடிக்கு மேல டேப்பு சுத்துனீங்களா? போன தடவ ஒங்க ஊறுகாயால ரெண்டு சட்ட வீணாப் போச்சு."

"மூணு சுத்து சுத்தியிருக்கேன் டீச்சர். பாருங்க."

பையைக் கையில் தூக்கி எடை பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு மேல் இராது. "சரி, இதுக்கு மேல குடுக்காதீங்க," என்று வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன். சனியன் பிடித்த பழக்கம். வாங்கி வைத்த பிறகுதான், இதை யார் கொண்டுபோகப் போகிறார் என்று எனக்குள் கேள்வி வந்தது.

அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். "அண்ணன் செவ்வாக்கெழம கெளம்புறாங்களாமே. நோன்புக்கு இருந்துட்டுப் போவக் கூடாதா? ஒங்க நாத்தனாருதான் சொன்னாங்க. புது கம்பெனியாம்ல?"

"ஆமா," என்றேன்.

ஏன் ஆமாம் என்றேன் தெரியுமா? எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியக்கூடாது. அந்த நிமிஷத்தில் எனக்கு மிச்சமிருந்த மானம் அவ்வளவுதான். டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன்.

அவர் ஜும்மா முடிந்து வந்தார். மேஜையில் நீலப் பை, பக்கத்தில் மஞ்சள் பை. இரண்டையும் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நாலாக மடித்தார்.

"யாரு குடுத்தது?"

"செவ்வாக்கெழமயாமே மச்சான்," என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கு அங்க போயி நிதானமா சொல்லலாம்னு இருந்தேன்."

"எங்க? கீரப்பாளையத்துலயா?"

"இங்க சொன்னா நீ கத்துவ. அங்கன்னா வேத்து மனுஷங்க இருப்பாங்க, கொஞ்சம் பொறுமையா கேப்பன்னு…"

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து மீதி ஆயுளைப் பேசலாம் என்று பை வாங்கினேன். அவரோ நான் சத்தம் போடமுடியாத ஓர் இடம் வேண்டும் என்று சரி சொல்லியிருக்கிறார். அவர் போவதைவிட இதுதான் என்னை அறுத்தது. இன்றைக்கும் அறுக்கிறது. போகிறவரை மன்னித்து மன்னித்துப் பழகியிருக்கிறேன். என் ஆசையையே எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்ததை என்ன செய்வது?

"முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே மச்சான்."

"முடிச்சிட்டுத்தான் வந்தேன். பொய் இல்ல. ஆனா மூணு மாசமா இந்த வீட்ல நான் விருந்தாளியா இருக்கேன். எந்த சுவிச்சு எதுக்குன்னு கேட்டுத்தான் போடுறேன். அங்க எனக்கு ஒரு வேல இருக்கு. ஒருநாள் போவலன்னா தேடுவாங்க."

"இங்க நான் தேடலியா?"

அவர் தொப்பியைப் பிரித்து மறுபடி மடித்தார். சத்தம் போடுவேன் என்று பயந்தாரே, நான் கத்தவே இல்லை. அது எனக்கே ஆச்சரியம்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். "ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" அழுகிற குரலில், "விசா வந்ததுலேர்ந்தும்மா. அத்தாதான் நானே சொல்லிக்கிறேன், நீ தேதிய மட்டும் முன்னாடி போட வைன்னாங்க," என்றாள். எனக்கு யாருமில்லாத வருஷங்களில் எனக்கென்று இருந்தவள் அவள். நான் காய்ச்சலில் கிடந்தபோது எட்டு வயதில் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வா, போவலாம். அங்க போயி பேசிக்கலாம்."

"நீங்க பொட்டிய கட்டுங்க. இன்னும் பார்சல் வரும். இந்தத் தடவ நீங்களே எட பாத்து வாங்கிக்கங்க," என்று சொல்லிவிட்டு நீலப் பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். எதிர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

சிதம்பரத்தில் இறங்கி, சேத்தியாத்தோப்பு பஸ் பிடித்து, கீரப்பாளையத்தில் இறங்கினேன். பண்ணைக்காரர் சொல்லிவைத்த ஆட்டோ நின்றது. இருபக்கமும் உளுந்து, அவர் சொன்னபடியே. படத்தில் பார்த்த ஓடு, தொட்டி, வேப்பமரம், இரண்டு கட்டில், எல்லாம் இருந்தன. சொன்னது சொன்னபடி நடந்துகொண்ட ஒரே மனுஷர் அந்த வாரத்தில் அவர்தான்.

"வாங்க மேடம். சார் பின்னாடி வர்றாருங்களா? நீங்க சொன்ன மாதிரியே உயிரோட வச்சிருக்கேன், பாருங்க," என்று மரத்தடியைக் காட்டினார். கவிழ்த்த கூடைக்குள் ஒரு சிவப்புச் சேவல் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

"அத தொறந்து விட்டுடுங்க. எனக்கு ரசமும் சோறும் போதும்," என்றேன்.

"ஏங்க, சார் வரலிங்களா? ரெண்டு பேருன்னுல்ல எழுதி வச்சிருக்கேன்?"

"ஒண்ணுன்னு மாத்திக்கங்க. அவரு வெளிநாட்டுல இருக்காருங்க."

தடுக்காமல் வந்தது. அவர் ஒன்றும் புரியாமல் கூடையைத் தூக்கினார். சேவல் வெளியே வந்து, போகலாமா வேண்டாமா என்று கொஞ்சம் நின்றுவிட்டு உளுந்துக்குள் இறங்கியது.

"அப்படிங்களா," என்றார் பண்ணைக்காரர், ஏதாவது சொல்லவேண்டுமே என்று. "எப்ப வருவாருங்க?"

"ரெண்டு வருஷம் ஆவும்ங்க," என்றேன்.