அந்தக் கயிற்றை ஏழுமலை கட்டவில்லை

ஏழுமலை போய்விட்டான்.

இன்று காலை, சென்னை ஆஸ்பத்திரியில். மூன்று நாள் கிடந்தான்... கண்ணைத் திறக்கவே இல்லை.

கோட்டைக்குப்பம் ஏழுமலை. என்னோடு ஒரே வொர்க் போட்டில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். கல்யாண வீட்டில் மூன்று பந்தி உட்கார்ந்து சாப்பிட்டான் என்று இதே பக்கத்தில் ஒருவனைப் பற்றி எழுதினேனே, அவன்தான். உண்மையில் மூன்று பந்தி சாப்பிட்டது நான். படித்துவிட்டு அவன் ஒரு லைக் போட்டான், அவ்வளவுதான்.

எங்கள் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு... கடலுக்கு அடியில் போகும் பைப்லைனில் பிரஷர் ஏற்றி டெஸ்ட் செய்வது. போட்டில் பம்ப் இருக்கும். அதிலிருந்து ஹோஸ் கடலில் இறங்கி, அடியில் கிடக்கும் பைப்பில் போய் மாட்டும்.

போட்டின் ஓரத்தில், அந்த ஹோஸின் இரண்டு துண்டையும் இணைக்கிற ஒரு எமர்ஜென்சி கப்ளிங் உண்டு. நங்கூரம் பிடி விட்டு போட் நகர்ந்தால், அது தானே கழன்று இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். ஹோஸ் பிய்யாது. பக்கத்தில் நிற்பவன் பிழைப்பான்.

ஆனால் வலை பிடித்து வளர்ந்த கைக்கு, கழன்று போகிற பொருளைப் பார்த்தால் பொறுக்காது. படகில் கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம். நான் டிபன் பாக்ஸைக் கட்டுவேன். செருப்பைக் கட்டுவேன். போனைக்கூடத் தூண்டில் நரம்பில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பேன்.

சேர்ந்த புதிதில் அந்தக் கப்ளிங்கையும் நாலு சுற்று சுற்றிக் கட்டிவைத்தேன். ஏழுமலை பார்த்தான்.

"இன்னா மச்சான் இது?"

"ஆடுதுடா. கயண்டுகினா இன்னா பண்றது?"

"கயள்றதுக்குத்தான்டா அத்தச் செஞ்சி வெச்சிக்கிறான். நீ வூட்டுக் கதவுக்கு ஆணி அட்சிட்டுத்தான் தூங்குவியா?"

கத்தியை எடுத்து அறுத்தான். அறுத்த கயிற்றை என் கழுத்தில் மாலையாகப் போட்டு, போட்டை ஒரு சுற்று சுற்றி வரவைத்தான். அன்றிலிருந்து போட்டில் எனக்குப் பெயர் 'கயிறு'.

ஊரில் எல்லோருடைய பட்டப்பெயரையும் இங்கே எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை.

தினமும் பம்ப் ஓடுவதற்கு முன் அந்தக் கப்ளிங்கைச் சுற்றி ஒரு தடவை கையை ஓட்டிப் பார்ப்பான். "சாமி கும்ட்டாச்சு, போடு" என்பான். அதன் பிறகுதான் சுவிட்ச்.

அன்றைக்கும் கும்பிட்டான்.

அலை அதிகம். காலையிலேயே கப்ளிங் இரண்டு முறை கழன்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் மறுபடி மாட்டி, மறுபடி பிரஷர் ஏற்ற வேண்டும். மூன்றாவது முறை ஏற்றும்போது நங்கூரக் கயிற்றைப் பார்க்க ஏழுமலை முன்பக்கம் போனான்.

நான் கட்டினேன்.

பச்சை நைலான் கயிறு, நாலு சுற்று. பத்து நிமிடம்தானே, டெஸ்ட் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று...

நங்கூரம் பிடி விட்டது. போட் நகர்ந்தது. கப்ளிங் கழலவில்லை.

முன்பக்கத்திலிருந்து அவன் பார்த்துவிட்டான். "பம்ப்ப நிறுத்து" என்று கத்திக்கொண்டே கத்தியோடு ஓடிவந்தான். குனிந்து கயிற்றைப் பிடித்தான். ஒரு சுற்று அறுத்திருப்பான்.

அதற்குள் பம்ப் பக்கத்தில் ஹோஸ் பிய்ந்துகொண்டு வந்தது. அது வீசிய வேகத்தில் அவன் தலையில்தான் பட்டது.

கேபினில் இருந்து சூப்பர்வைசர் கண்ணில் பட்டது ஏழுமலை கயிறும் கையுமாகக் குனிந்து நின்றதுதான். "அவன்தான் கட்டிட்டான்" என்றார். சாயங்காலத்துக்குள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. "இத்தினி வருசம் வேல பாத்தவன் இப்டி பண்ணலாமா" என்று ஒருவர் போட்டார்.

அதற்குக் கீழே நான் 'பாவம்' என்று டைப் செய்து, கும்பிடும் கை ஒன்றும் போட்டேன்.

மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன். தேரை இழுத்துத் தெருவில் விடுவதுபோல ஊரார் கதையை எல்லாம் இழுத்துவந்து விடுகிற நான்.

இன்று காலை சேதி வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி நாகம்மா வாசலுக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணா, அத்தக் கட்டவே கூடாதுனு வூட்லகூட சொல்லிகினு இருப்பாரு. அவுரா கட்னாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

அழவில்லை. திட்டவும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு கதையெல்லாம் போன்ல எய்துவியே. இத்தையும் எய்து. எனுக்குப் படிக்கத் தெரியாது, என் பொண்ணு படிச்சிச் சொல்லுவா."

அதனால்தான் இது. சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. இதை முடித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

தயவுசெய்து கமெண்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். இதை அந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும்.

நாளைக் காலை உடல் கோட்டைக்குப்பத்துக்கு வரும். அவனைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஏழுமலை... நீ கட்டல மச்சான். நான்தான்.