மாடிப்படிக்குக் கீழே ஒரு நோட்டீஸ் பெட்டி

நோட்டீஸ் என்றாலே எனக்கு அந்தக் காலத்தில் பற்றிக்கொண்டு வரும். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுத் தபால்பெட்டிகளும் கீழே படிக்கட்டோரம் சுவரில் மாட்டியிருக்கும். திறந்தால் டெலிபோன் பில் ஒன்று இருக்கும், அதற்கு மேல் ஒரு கை குப்பை இருக்கும். மனை விற்பனை, நகைச்சீட்டு, ஆறே மாதத்தில் கம்ப்யூட்டர், பல் டாக்டர் திறப்பு விழா, கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லிக் கெஞ்சும் பேங்க் உறைகள். கிரெடிட் கார்டு கொடுக்கிறவன் எங்கள் கட்டடத்தை ஒரு முறை நேரில் பார்த்திருந்தால் அந்த உறைக்குத் தபால்தலை ஒட்டியிருக்க மாட்டான்.

பெட்டியில் இடமில்லாவிட்டால் படியிலேயே வீசிவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் அது படியோடு ஒட்டிக்கொண்டு வழுக்கும். முதல் மாடி அக்கா பால் வாங்கப் போனபோது அதில் கால் வைத்து விழுந்து, மாதக்கணக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகுதான் நான் களத்தில் இறங்கினேன்.

டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். வேண்டாத நோட்டீஸ், பழைய பேப்பர், எழுதித் தீர்ந்த நோட்டு எல்லாம் அதில் விழ வேண்டும். பால் கவரைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துத் தனிச் சாக்கில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பழைய பேப்பர் கடைக்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போவார். வருகிற காசு படிக்கட்டு பல்புக்கு. நோட்டீஸ் போட வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, ஒன்றே ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள், வீட்டுக்கு வீடு வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். பேங்க்குகளுக்கு இனி உறை அனுப்பாதீர்கள் என்று தபால் கார்டு எழுதிப் போட்டேன். என் முதுகுக்குப் பின்னால் 'குப்பை கலெக்டர்' என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கட்டடத்தில் நோட்டீஸைப் படித்த ஒரே ஆள் என் அப்பா. அவருக்குக் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியோடு வேலை. சாயங்காலம் வந்ததும் அட்டைப்பெட்டியருகே நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒரு நோட்டீஸை எடுத்து முன்னும் பின்னும் படிப்பார். பிறகு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று அதையே மறுபடி படிப்பார். எங்கள் வீடு நான்காவது மாடி. வேலையிலிருந்து நான் முன்னால் வந்துவிட்ட நாட்களில் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்வேன்.

"இன்னா நைனா, மனை வாங்கப் போறியா?"

"பாத்துகினு கீறேன் பாப்பா. மீஞ்சூர் தாண்டி நல்ல தண்ணியாம்."

அந்த வருடம் அப்பாவின் இருமல் நிற்காமல் போனது. எக்ஸ்ரே எடுத்ததில் நெஞ்சில் கரி படிந்திருப்பது தெரிந்தது. அம்மா முதலில் அழுதாள். அப்புறம் யாரோ ஒரு வழி சொன்னார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர்கள் குழு எழுதிக் கொடுத்துவிட்டால், அப்பாவுக்கு ஓய்வு, பிள்ளைக்கு அதே இடத்தில் வேலை. என் அண்ணன் கன்டெய்னர் யார்டில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீட்டில் படுக்கை. அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார், நிரந்தர வேலை என்று ஒன்று வரட்டும், பேசலாம் என்றிருந்தார்கள். இந்தச் சலுகைக்கு வயது வரம்பு உண்டு. அப்பா அதன் விளிம்பில் நின்றார். திங்கட்கிழமை கூடும் குழுவை விட்டால், அடுத்த குழு கூடுவதற்குள் வரம்பு தாண்டிவிடும். அந்த எக்ஸ்ரே கையில் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அம்மா பீரோவுக்குப் பின்னால் கையை விட்டாள். படம் மடங்கக் கூடாதென்று அங்கேதான் நிறுத்தி வைத்திருந்தாள். கை வெறுமனே வந்தது. பீரோவையே நகர்த்திப் பார்த்தோம். பாயைச் சுருட்டிப் பார்த்தோம். இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் புதிதாக எடுக்கவும் வழியில்லை.

அது பழுப்பு நிறத்தில் பெரிய உறை. எக்ஸ்ரே எடுத்த இடத்தின் விளம்பரம் அதன் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஒரு நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வேற யாரு, இவ தான். காயிதம்னு ஒண்ண கண்டா இவ கை சும்மா கீதா? ஊர் குப்பைய வாரி வாரி வூட்டையே வாரிட்டா."

வெள்ளிக்கிழமை நான் வீட்டை ஒழித்தது உண்மை. பீரோ பக்கம் இருந்த பேப்பர்களை அள்ளியதும் உண்மை. அந்த உறை என் கையில் வந்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "போனா போவுது வுடு. கொயந்தைய திட்டாத" என்றார்.

"நீ வாய மூடு" என்றாள் அம்மா.

அண்ணன் ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பேப்பர் கடைக்குப் போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் இறங்கினோம்.

கடை பாதி ஷட்டரில் இருந்தது. கடைக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்ரே படமா? உங்க வூட்டு மூட்டைல ஒண்ணு இருந்துது தங்கச்சி. அதெல்லாம் இங்க நிக்காது. சாத்தாங்காட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அங்க எதுக்குண்ணே?"

"படத்துல வெள்ளி கீதுல்ல? சோடாத் தண்ணில கொதிக்க வெச்சு கயுவி எடுப்பாங்க. இரும்பு மார்க்கெட்டுக்கு பின்னாண்ட ஒரு ஷெட்டு. ஞாயித்துக்கெயம தான் அடுப்பு மூட்டுவாங்க. சீக்கிரம் போ."

அண்ணன் சைக்கிளை மிதிக்க நான் கேரியரில் உட்கார்ந்தேன். ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கைப்பிடி உரசப் புகுந்து போனான். பின்னாலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். மேம்போக்காகக் கேட்பது போல அண்ணன் கேட்டான்.

"நீ எடுத்தியா?"

"தெரிலண்ணா."

"தெரிலன்னா இன்னா அர்த்தம்?"

அவன் பெடலை இன்னும் வேகமாக மிதித்தான். சட்டை முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. மாதாவே, இன்னும் அடுப்பு மூட்டியிருக்கக் கூடாது என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

இரும்புக் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஷெட்டுக்குப் போகும் முன்பே நெடி மூக்கில் ஏறியது. ட்ரம்மின் கீழே தீ எரிந்து தணிந்திருந்தது. ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண் நீலநிறத் தகடுகளை ஒவ்வொன்றாக அலசிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் பால் கவர் மாட்டுவது போலவே. மூலையில் காலி உறைகள் குவிந்து கிடந்தன. நான் அதில் விழுந்து கிளறினேன். அப்பா பெயர் எழுதிய உறை சீக்கிரமே கிடைத்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை.

"அக்கா, இதுல இருந்த படம்?"

"உறைய உருவிட்டு எல்லாத்தையும் ஒண்ணா ட்ரம்முல போட்டாச்சேம்மா." என் முகத்தைப் பார்த்து அவள் அலசுவதை நிறுத்தினாள். "இன்னாமா ஆச்சு? யார்னா சீரியஸா கீறாங்களா?"

அண்ணன் கொடியருகே போனான். ஒவ்வொரு தகடாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். எதிலும் நெஞ்செலும்பில்லை, கரியில்லை. தகட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற லாரிதான் தெரிந்தது. கடைசித் தகட்டையும் பார்த்துவிட்டுக் கிளிப்பைச் சரியாக மாட்டினான். திரும்பும்போது அவன் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தான். நான் பின்னால் நடந்தேன். செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

வீட்டு வாசலில் எங்கள் முகத்தைப் பார்த்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கயுவிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்தார். அந்த முகத்தில் வருத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேப்பர் கடைக்குப் போகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். சாத்தாங்காடு, ட்ரம், கழுவுவது எதையும் இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

"கயுவுவாங்கன்னு உனக்கு எப்டி தெரியும் நைனா?"

இன்னும் கையிலேயே இருந்த நகவெட்டியை அவர் மூடினார். "கடைக்காரன கேட்டேன். அப்பால தான் பொட்டில போட்டேன். நீ அத்த தொடவே இல்ல பாப்பா."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு வேலை வேணும் நைனா" என்றான்.

"வேணும். அந்த வேலை வாணாம். அதே எடம், அதே தூசி. என் நெஞ்சுல கீறத உன் நெஞ்சுல ஏத்திட்டு நான் வூட்ல குந்திகினு பென்ஷன் துன்றதா? வாணாம்னு வாயால சொன்னா நீங்க யாராவது வுட்டிருப்பீங்களா?"

"அப்ப நீ இன்னும் எவ்ளோ நாள் போவ?" என்று அம்மா கேட்டாள்.

"ரிட்டயர் ஆவற வரைக்கும் போவேன். இன்னா இப்ப?"

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை. பழி என் தலையில் விழுந்தபோதும் உண்மையைச் சொல்லாமல் நகம் வெட்டிக்கொண்டிருந்தாரே என்று ஆத்திரம். அண்ணன் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர்கள் முன்னால் நின்றிருக்க வேண்டியவர், சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு நிலக்கரிக்கே போனார். அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அவர் பெட்டியருகே நின்றிருந்தார். ஒரு கை சுவரில், மறு கையில் நோட்டீஸ். வழக்கம்போல மனையா என்று கேட்கப் போனேன். பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன், அவர் கண்கள் மூடியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வாசலுக்குத் திரும்பிப் போய், அவர் ஏறும்வரை தெருவில் நின்றேன். இத்தனை நாளும் அவர் நோட்டீஸ் படிக்க நின்றதில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

என் சண்டைக்கெல்லாம் பலன் வர ஆரம்பித்திருந்த நேரம் அது. உறைகள் நின்றன, நோட்டீஸ் போடுகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒரு சாயங்காலம் அப்பா பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார், ஒரு நோட்டீஸ்கூட இல்லை. மேலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு உடனே ஏறத் தொடங்கினார். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தேரடி பஸ் ஸ்டாப்பில் ஒருவர் கம்ப்யூட்டர் கிளாஸ் நோட்டீஸ் நீட்டினார். எத்தனையோ முறை நான் முறைத்துவிட்டுப் போன அதே ஆள். வாங்கிக்கொண்டு, இன்னும் ரெண்டு கொடுங்கள் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியின் மேலாக, கை போடும் இடத்தில் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் எங்கிருந்தாவது ஒன்று கொண்டுவந்தேன். சனிக்கிழமை எல்லாவற்றையும் கடைக்காரர் அள்ளிப் போனதும், முதல் வேலையாகப் புதிதாக ஒன்று வைப்பேன். குப்பை கலெக்டர் குப்பை போடுவதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் நெருங்க நெருங்க, பெட்டியில் நோட்டீஸ் இருக்காதே என்று படுக்கை கொள்ளவில்லை. அப்பா வழக்கமான நேரத்தில் நிதானமாக ஏறி வந்தார். கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் இருந்தது.

"இன்னிக்கு நகைக்கடை பாப்பா. தண்டையார்பேட்டைல புச்சா தொறக்குறானாம்" என்றார்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். நான் கொண்டுவந்ததில்லை. அப்பா வருவது கடலோர ரோட்டில். எங்கள் கட்டடத்தில் தண்டையார்பேட்டை வழியாக வேலையிலிருந்து திரும்புகிறவன் அண்ணன் ஒருவன்தான். அவன் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.