கேட் வாசலில் ஒரு ராக் பாட்டு

பேண்ட் செட் தொழிலில் எத்தனையோ பேர் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் என் டிரம்பெட் வாயைக் கையால் பொத்தியவர் ஒருவர்தான். திருவொற்றியூரில் ஒரு கம்பெனி கேட் முன்னால், பட்டப் பகலில், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா. பெயர் காஞ்சனா.

"என் புருசன் உசுரோட கீறாருய்யா! இன்னாத்துக்குய்யா சாவு மோளம் அடிக்கிற?"

பேண்ட் வாசிக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

1. ஆர்டர்

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ரிட்டையர் ஆனால், கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வெடி வெடித்து, பேண்ட் வைத்து, கேட்டிலிருந்து வீடு வரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவார்கள். கல்யாணத்தன்று கிடைக்காத மரியாதை கூட அன்றைக்குக் கிடைக்கும். வாசிப்பதெல்லாம் பழைய சினிமாப் பாட்டு. எங்களுக்கும் அது தலைவலி இல்லாத வேலை.

காஞ்சனாவின் கணவர் சேகர், கிரேன் ஆபரேட்டர். ஆர்டர் கொடுக்க ராயபுரத்தில் இருக்கும் என் கடைக்கு அவரே வந்தார்.

"மாஸ்டர், கேட்டாண்ட ஒரு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கணும். முடியுமா?"

"பர்த்டே பாட்டா?"

"இல்ல மாஸ்டர், ராக்கு."

போனில் போட்டுக் காட்டினார். தொண்ணூறுகளில் வந்த பாட்டு. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடியதாம். பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் இதை அப்படியே வைத்துவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

"ஏன் சார் இந்தப் பாட்டு?" என்றேன்.

"புட்ச்சிகீது, அவ்ளோதான்."

பிடித்திருக்கிறது என்கிறார், விடுங்கள். வாடிக்கையாளரைக் குடைந்து கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

2. கலீஜ் மியூசிக்

ராக் என்றால் கத்துவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாட்டு அப்படி இல்லை. ஆரம்பத்தில் ஒரே ஒரு கிட்டார். பாடுகிறவன் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல முணுமுணுக்கிறான். பல்லவி வந்ததும் டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழுகின்றன. மறுபடி அமைதி. ஒரே பாட்டில் இப்படி மூன்று தடவை.

போனில் தேடிப் படித்தேன். ராக்கிலேயே இது ஒரு வகை. பெயர் கிரஞ்ச். அழுக்கு என்று அர்த்தமாம். அதற்கு முன்னால் ராக் பாடியவர்கள் பளபளவென்று உடுத்தி மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மரம் அறுக்கிற ஆட்கள் போடும் கட்டம் போட்ட சட்டையோடு வந்து நின்றார்கள். கிட்டார் சத்தத்தையும் சுத்தம் செய்யாமல் கரகரவென்றே விட்டார்கள். இதற்கெல்லாம் வேர் ப்ளூஸ் என்றும், அது பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பின மக்களின் பாட்டு என்றும் போட்டிருந்தது.

எங்கள் டிரம்ஸ்காரர் மாரியிடம் இதைச் சொன்னேன்.

"அழுக்குன்னா? கலீஜ் மியூசிக்கா மாஸ்டர்?"

"அப்படித்தான் வெச்சுக்க."

"சட்டைய பாத்தா சாத்தாங்காடு இரும்புக் கட ஆளுங்க மாறி கீறானுங்க. நம்ம ஆளுங்கதான், வுடு, அட்ச்சிரலாம்."

பாட்டு எப்படிப் பிறந்தது என்றும் கீழே எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை. எனக்கு வேண்டியது சுருதியும் தாளமும்தான். தாளம் சிக்ஸ் எய்ட், அதாவது ஆறு எண்ணிக்கை, மெதுவான நடை. முணுமுணுப்பைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தேன், கத்தலை நான் டிரம்பெட்டில் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் ஒத்திகை. அருமையாக வந்தது.

அங்கேதான் ஓட்டை. வடசென்னையில் பேண்ட் அடிப்பவன் கைக்கு மெதுவான சிக்ஸ் எய்ட் என்றால் ஒரே ஒரு அடிதான் தெரியும். அது சாவு ஊர்வலத்துக்கு அடிக்கிற அடி. மாரியின் கை தானாக அதில் போய் உட்கார்ந்திருக்கிறது. கடைக்குள் இருந்த எங்களில் ஒருவர் காதுக்கும் அது உறைக்கவில்லை, பழக்க தோஷம்.

3. கேட்

கம்பெனி கேட்டில் பாட்டை ஆரம்பித்தோம். முணுமுணுப்பு முடிந்து டிரம்ஸ் விழுந்ததும் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. பாட்டு புரியவில்லை, அடி புரிந்துவிட்டது. வியாசர்பாடி ஆட்கள் நான்கு பேர் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, சாவுக்கு ஆடுகிற ஆட்டத்தை எடுத்தார்கள். இன்னொருவர் சேகரின் மாலையிலிருந்தே பூவைப் பிய்த்து ரோட்டில் இறைக்க ஆரம்பித்தார். எல்லாம் சந்தோஷத்தில்தான். மாரியின் அடி எனக்கு அங்கேதான் உறைத்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தவும் முடியவில்லை.

அப்போதுதான் காஞ்சனா பாய்ந்து வந்து டிரம்பெட்டைப் பொத்தினார்.

"போன வருசம்தான் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில கெடந்து வந்தாரு. ரிட்டயர் ஆனவன் ரொம்ப நாள் இருக்க மாட்டான்னு ஆளாளுக்கு சொல்றானுங்க. நானே உசுர கையில புட்ச்சிகினு கீறேன். நீ பாடை வேற கட்டுறியா?" குரல் உடைந்துவிட்டது. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சேகர் குறுக்கே வந்தார்.

"அவங்கள திட்டாத காஞ்சனா. அட்ச்சது சரிதான். அது எனக்கு இல்ல, வில்சனுக்கு."

"எந்த வில்சன்?"

"ஃபிட்டர் வேல பாத்த வில்சன். அப்ப நானும் ஃபிட்டருதான். நம்ம பெரிய பொண்ணு பொறந்த அன்னிக்கு எனக்கு பதிலா என் ஷிப்ட்ட பாக்க வந்துகினு இருந்தான். எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி அட்ச்சிருச்சி. இந்த கேட்டாண்டதான் அவன் சவப் பொட்டிய எறக்கி வெச்சாங்க. ஒரு மோளம் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் குடுத்த கேசட்டுலதான் இந்தப் பாட்டு. செத்துப்போன தோஸ்த்துக்காக அந்தப் பாட்டுக்காரன் எழுதுனதுன்னு வில்சன்தான் எனக்கு சொன்னான். இருந்திருந்தா அவனும் இந்த மாசம்தான் ரிட்டயர்."

காஞ்சனாவின் கை டிரம்பெட்டிலிருந்து கீழே வந்தது.

"இத்தினி வருசமா ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அவ பொறந்த நாளுக்கு நீ கேக்கு வெட்ட வுட்டிருப்பியா?"

ஆடிக்கொண்டிருந்தவர்கள் தள்ளி நின்றார்கள். கூட்டத்திலிருந்த பழைய ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். காஞ்சனா கேட்டைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாசிங்க மாஸ்டர், முழுசா வாசிங்க. ஆனா வில்சனுக்கு இந்த கேட்டோட நிறுத்திக்கங்க. விம்கோ நகர்ல வூடு வரைக்கும் என் புருசனுக்கு வாசிக்கணும், சொல்லிட்டேன்."

முதலிலிருந்து வாசித்தோம். அடியை மாற்றட்டுமா என்று மாரி கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தப் பாட்டுக்கு வேறு அடி கிடையாது. சேகர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையை மறைக்காமல் நின்றார். பாட்டு முடிந்ததும் மாரி கல்யாண அடிக்குத் தாவினார். முதலில் ஆடியது காஞ்சனாதான், வெறும் காலோடு.

அதன் பிறகு ஆர்டர் எடுக்கும்போது என்ன பாட்டு என்று கேட்பதோடு விடுவதில்லை, யாருக்கு என்றும் கேட்கிறேன். பாட்டின் வகையைப் போனில் படித்துக்கொள்ளலாம், ஆளை அவரிடம்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும், "இன்னா மாஸ்டர், எனக்குத்தான்!" என்று சிரிப்பார்கள். போன வாரம் வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு, ஆர்டர் நோட்டை மூடி வைத்து, யாருக்கென்று அவர் சொல்வதைக் கேட்க எதிரே உட்கார்ந்தேன்.