பதினோரு பெண்களுக்கு ஒரே எண்

கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாளைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும் செயலியை வடிவமைத்தவள் நான். சிலமலை கிராமத்தில் பதினோரு பெண்களுக்கு ஒரே செல்போன் எண் இருந்தது. பதிவு செய்யும் கிராம நர்ஸ் போலிப் பெயர்களை ஏற்றுகிறார் என்றே சந்தேகித்தேன். யாரையும் கேட்காமல் செயலியில் அந்த எண்ணை முடக்கிவிட்டு, பத்து நாள் கழித்துக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

எண்ணுக்குரியவர், ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்.

"இத்தனை பேருக்கும் எதுக்கு உங்க நம்பர்?" என்று அதட்டினேன்.

"வீட்டுல இருக்கிற ஒரு போனும் புருஷன் கையில, மேடம். மலையில டவரும் இல்ல. காலையில ஜீப்புல ஏறுனதும் நான்தான் வாசிச்சுச் சொல்லுவேன். பத்து நாளா மெசேஜே வரல."

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஸ்கேன் என்னைக்குக்கா?"

செயலியில் பார்த்தேன். அவளுடைய ஸ்கேன் தேதி கடந்து நான்கு நாளாகியிருந்தது.

முடக்கும் முன் அந்த எண்ணுக்கு ஒரே ஒரு முறை நான் அழைத்துப் பேசியிருக்கலாம்.