தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம்

பட்டியல்களுக்குள் தேடுவதுதான் என் வேலை. கீரமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு அதைச் செய்கிறேன். மணமேல்குடிப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போகும் என் அண்ணன், எங்கள் வீட்டுக்கு வந்தால் முதுகுக்குப் பின்னால் நின்று கேலி செய்வான்: "நாள் பூரா பொட்டியத் தட்டுறியே, அப்படி என்னத்தடா தொலைச்ச?"

புயலில் அவன் படகு திரும்பவில்லை. மறுநாள் வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கடலிலிருந்து மீட்டு அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் சேர்த்தவர்கள், முந்நூற்று நாற்பது வரி. எங்கள் பக்கம் காணாமல் போனவர்களின் பட்டியல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. நானே தயாரித்தது. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம்: தலைப்பெழுத்து, பெயர், ஊர். அண்ணன் ஊரில் பாதிப் பேருக்குக் குலசாமி பெயர்தான். அப்பாவின் எழுத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். அதனால் அதற்குத் தனிக் கட்டம் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வந்த பட்டியலில் இரண்டே கட்டம். அங்கே எழுதியவர் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்தை ஒட்டிப் போட்டு, அடுத்த கட்டத்தில் ஊரை எழுதியிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை.

நான் எழுதும் கணினி மொழியில் ஒரு பட்டியலை மொத்தமாக எடுத்து ஒரே வரியில் வேலை வாங்கலாம். நீளம் ஒத்துவராத இரண்டு பட்டியல்களைக் கூட்டச் சொன்னால் பிழை என்று கத்தி நின்றுவிடும். தேடச் சொன்னால் மட்டும் கத்தாது. மூன்று கட்ட வரியை இரண்டு கட்டப் பட்டியலில் தேடினால், 'இது பொருந்தாதே' என்று கேட்காது. பொருந்தாதது அங்கே இருக்க முடியாது என்று அதுவே முடிவு செய்து, பட்டியலின் நீளத்தை, அதாவது மொத்தம் எத்தனை வரி என்பதை, விடையாகத் தரும். கடைசி வரையில் பார்த்தாயிற்று, இல்லை என்று அதற்குப் பொருள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மொழி அந்த இடத்திலும் கத்தியிருக்கும். எனக்கு வாய்த்தது அமைதியானது.

அண்ணனின் வரியைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். திரையில் முந்நூற்று நாற்பது என்று வந்தது. அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இல்லை அண்ணி."

"நல்லாப் பாத்தீங்களா தம்பி?"

"மிஷின் பாத்துருச்சு அண்ணி. அது விடாது."

எவ்வளவு திமிராகச் சொன்னேன். அதன் பிறகு இரண்டு நாள் அங்கிட்டுப் போகாமல், எங்கள் பக்கத்துக் கடற்கரையிலேயே அலைந்துகொண்டிருந்தோம்.

நான்காம் நாள் காலையில், தன் மச்சானைப் பார்க்க அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன பக்கத்து ஊர்க்காரர் போன் செய்தார். "ஒங்க அண்ணன் இங்கதான் இருக்காரு. வெரசா வாங்க." வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம். அண்ணன் பதினோரு மணிக்கே போய்விட்டான். போன் கடலோடு போயிருந்தது, யார் நம்பரும் அவனுக்கு நினைவில்லை. மயக்கம் தெளிந்தபோதெல்லாம் "தம்பி வந்துட்டானா" என்று கேட்டானாம். அதைச் சொன்ன நர்ஸ், தம்பி நான்தான் என்று தெரியாமல் சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு அண்ணி கேட்டார்.

"மிஷினு பொய் சொல்லுமா தம்பி?"

"சொல்லாது அண்ணி. நான் கேட்ட விதம் தப்பு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வழக்கம்போல எனக்குக் காபி கொண்டு வந்து வைத்தார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எதைத் தேடுவதற்கு முன்பும், இரண்டு பக்கமும் கட்டங்கள் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க ஒரு வரி எழுதிவிடுகிறேன். இது எதற்கு என்று கம்பெனியில் கேட்டார்கள். பழக்கம் என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் அந்தப் பட்டியலை மறுபடியும் திறந்தேன். இந்த முறை எதையும் எழுதவில்லை, விரலை வைத்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்றாவது வரியில் அண்ணன் இருந்தான். பெயர், பின்னால் அப்பாவின் எழுத்து, பக்கத்தில் ஊர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.